முப்பத்தோராவது நொடி

மதுரையில் ரீல்ஸ் எடுக்கிற ஒவ்வொரு பிள்ளையையும் கையைப் பிடித்து இழுத்துவந்து, உட்கார வைத்து, போட்டுக்காட்ட வேண்டும் என்று நான் துடிக்கிற படம் ஒன்று இருக்கிறது. புத்தி சொல்ல ஆசைப்பட்டு இல்லை. புத்தி சொல்லத்தான் ஊரே இருக்கிறதே! போலந்தில் ஒரு மனுஷன் உட்கார்ந்து இவர்களை இவ்வளவு அன்பாக, இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்து வைத்திருக்கிறான் என்று காட்டவே ஆசைப்படுகிறேன். படத்தின் பெயர் 'ஸ்வெட்'. 2020-இல் வந்தது. இயக்கியவர் மேக்னஸ் வான் ஹார்ன், ஸ்வீடன்காரர். போலந்தின் வூட்ஜ் நகரத்துத் திரைப்படப் பள்ளியில் படித்து அங்கேயே வேரூன்றியவர். அந்த வருடத்துக் கான் விழாவுக்குத் தேர்வான படம். கொரோனாவால் விழாவே நடக்கவில்லை. அந்தப் பெரிய திரையும் கைதட்டலும் கிடைக்காமல் போன படங்களில் இதுவும் ஒன்று என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை.

கதை என்று பார்த்தால் மூன்று நாள். சில்வியா உடற்பயிற்சி சொல்லித்தருகிறவள். வார்சாவில் இருக்கிறாள். இணையத்தில் அவளைப் பின்தொடர்கிறவர்கள் ஆறு லட்சம் பேர். இன்னும் சில நாளில் டிவியில் காலை நிகழ்ச்சி ஒன்றில் வரப்போகிறாள். படம் ஒரு பெரிய மாலுக்குள் ஆரம்பிக்கிறது. நம்ம சொக்கிகுளம் விஷால் மாலின் நடு முற்றத்தில் பாட்டை அலறவிட்டு, கூட்டத்தைக் கூட்டி, ஒரு பெண் மேடையேறி எல்லாரையும் குதிக்கவைத்தால் எப்படியிருக்கும், அப்படி ஒரு காட்சி. "இன்னும் ஒண்ணு! உங்களால முடியும்!" என்கிற தோரணையில் அவள் கத்தக் கத்த, சோபாவில் சாய்ந்திருந்த நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். நடிகை மக்தலேனா கொலெஷ்னிக். அந்த உடம்பும் அந்த மூச்சும் அந்த வேர்வையும் நிஜம். வந்தவர்களைக் கட்டிப்பிடிக்கிறாள், சேர்ந்து படம் எடுத்துக்கொள்கிறாள், ஒவ்வொருவர் பெயரையும் கேட்கிறாள். போலித்தனம் ஒரு துளி இல்லை. தன் வேலையில் அவள் கெட்டிக்காரி என்பதைப் படம் முதலிலேயே பட்டென்று சொல்லிவிடுகிறது. நம் சினிமாவில் இணையப் பிரபலம் வந்தாலே கோமாளியாகவோ ஏமாற்றுக்காரியாகவோதான் வருவாள். இந்த ஒரு மரியாதைக்கே நான் அந்த இயக்குநருக்கு மாலை போடுவேன்!

ஆட்டம் முடிகிறது. ஜனம் கலைகிறது. ரீல்ஸ் ஆக இருந்தால் இதோடு சரி, அடுத்ததுக்கு விரல் போய்விடும். 'ஸ்வெட்' இங்கேதான் ஆரம்பிக்கிறது. முப்பது நொடி முடிந்தபிறகு வரும் முப்பத்தோராவது நொடியில் அந்த முகம் என்ன செய்யும்? கேமராவைக் கையிலேயே தூக்கிக்கொண்டு (ஒளிப்பதிவு மிஹாவ் திமெக்) அவள் பின்னாலேயே காருக்குள் போகிறார்கள், வீட்டுக்குள் போகிறார்கள். வீட்டில் காத்திருப்பது ஜாக்சன் என்கிற நாய் மட்டும். பேச வேறு ஆள் இல்லை. ஆனால் பேசிக்கொண்டே இருக்கிறாள், கையிலிருக்கும் போனைப் பார்த்து. அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான், தனியாக இருக்கிறேன், எனக்கும் ஒருத்தர் வேண்டும் என்று அழுதுகொண்டே ஒரு வீடியோ போட்டிருக்கிறாள். அதை எல்லாரும் பார்த்துவிட்டார்கள். பணம் போடுகிற கம்பெனிக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. சிரிக்கிற சில்வியாவுக்குத்தான் அவர்கள் பணம் கொடுக்கிறார்கள்.

இந்த இடத்தில் எனக்கு நெஞ்சை அடைத்தது. ஏனென்றால் இந்த முகம் எனக்குத் தெரியும். என் அக்கா மகளின் முகம்.

அவள் கல்லூரியில் படிக்கிறாள். பாட்டுக்கு அபிநயம் பிடித்து ரீல்ஸ் போடுகிறவள். பல்லாயிரம் பேர் பார்க்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளைக் கீழக்குயில்குடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சமணமலை அடிவாரம், தாமரைக்குளம், அய்யனார் கோயில், பெரிய ஆலமரம். மதுரையில் போட்டோ எடுக்கிறவர்களுக்கு அந்த இடம் பாத்தியப்பட்டது. விடுமுறை நாளில் அங்கே கல்யாண ஜோடி ஒருபக்கம், ரீல்ஸ் பிள்ளைகள் ஒருபக்கம் என்று குளத்தங்கரையே நிரம்பியிருக்கும். போனை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு நாலெட்டு பின்னால் போய் நின்றாள். பாட்டு ஆரம்பித்ததும் அந்த முகத்தில் வந்த வெளிச்சம் இருக்கிறதே! அப்படியே அள்ளிக்கொள்ளலாம் போலிருந்தது. பாட்டு நின்றது. வெளிச்சம் போய்விட்டது. நாலெட்டு முன்னால் வந்து, குனிந்து, எடுத்ததைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, மறுபடி பின்னால் போனாள். சிரிப்புக்கும் சிரிப்புக்கும் நடுவே அந்த நாலெட்டில் அவள் முகம் எப்படியிருந்தது என்பதை அவளைப் பின்தொடர்கிற ஒருவர்கூடப் பார்த்ததில்லை. பத்தாயிரம் மைலுக்கு அந்தப்பக்கம் இருப்பதுபோல் தெரியும் ஒரு ஐரோப்பியப் படத்தில் நான் அதைத்தான் பார்த்தேன்.

அவளுக்கே படத்தைப் போட்டுக்காட்டினேன். "மெதுவாப் போகுமா மாமா?" என்று கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தாள். நடுவில் ஒரு காட்சி வரும். சில்வியா வெளியே போன இடத்தில் பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த ஒருத்தி வந்து பேசுகிறாள். உன் வீடியோ எல்லாம் பார்க்கிறேன் என்று ஆரம்பித்தவள், கொஞ்ச நேரத்தில் தனக்குக் கரு கலைந்த துக்கத்தைக் கொட்ட ஆரம்பித்துவிடுகிறாள். வருடக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லாதவள். சில்வியாவுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. திரையில் பழகிய முகம் என்பதால் அவள்தான் தனக்கு நெருக்கமானவள் என்று வந்தவள் நம்புகிறாள். சில்வியாவுக்கோ அவள் யாரோ ஒருத்தி. என் அக்கா மகள் போனைக் கீழே வைத்தாள்.

"எனக்கும் இப்படி வரும் மாமா. மெசேஜ்ல. புருஷன் அடிக்கிறாருன்னு ஒரு அக்கா எழுதுனாங்க. நைட்டு ரெண்டு மணிக்கு."

"நீ என்ன சொன்ன?"

"ஹார்ட் போட்டேன். வேற என்ன போடுறதுன்னு தெரியல."

இந்த ஒரு பேச்சுக்காகவே நான் அந்தப் படத்துக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். புகழ் வந்தவர்களின் தனிமையைப் பற்றி நாம் நிறையப் பேசியாயிற்று. 'ஸ்வெட்' அந்தப்பக்கம் இருக்கிறவர்களின் தனிமையையும் சேர்த்தே காட்டுகிறது. சில்வியாவின் அடுக்குமாடி வாசலில் காருக்குள் ஒருவன் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அருவருப்பும் பயமும் தரும் ஆள். அவன் செய்வது எதையும் படம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அவனும் அந்த அழுகை வீடியோவைப் பார்த்தவன்தான் என்பதை மறக்கவும் விடுவதில்லை. அம்மாவின் பிறந்தநாளுக்கு ஒரு பெரிய டிவியைத் தூக்கிக்கொண்டு போகிறாள் சில்வியா. அந்தச் சாப்பாட்டு மேஜையில் ஆறு லட்சம் பேரால் அவளுக்கு நயாபைசா பிரயோஜனம் இல்லை. முடிவு என்ன ஆகிறது, டிவி நிகழ்ச்சியில் என்ன பேசுகிறாள் என்பதையெல்லாம் நான் சொல்ல மாட்டேன். பார்த்துவிட்டு நீங்களே வந்து என்னிடம் சொல்லுங்கள், விடிய விடியப் பேசுவோம்.

முகத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிற ஆசை மதுரைக்குப் புதிதா என்ன? நம்ம ஊரில் காதணி விழாவுக்கு வைக்கிற ஃபிளெக்ஸைப் பாருங்கள். நடுவில் மொட்டையடித்த பிள்ளை, மேலே தலைவர்கள், சுற்றிலும் தாய்மாமன், சித்தப்பா, பங்காளி என்று அம்பது அறுபது முகம். உசிலம்பட்டி ரோட்டில் போனால் ஒரு கிராமத்தையே மனப்பாடம் செய்துவிடலாம். அமெரிக்க மானிடவியலாளர் சாரா டிக்கி 1980-களில் இந்த மதுரையில்தான் வந்து தங்கி, ரசிகர் மன்றங்களையும் சினிமா பார்க்கும் ஏழை ஜனங்களையும் ஆராய்ந்தார். 1993-இல் அது புத்தகமாக வந்தது. மன்றம் என்றால் போஸ்டர் ஒட்டப் பசை காய்ச்சுவதிலிருந்து ரத்ததானம் வரை பத்துப்பேர் சேர்ந்து செய்கிற காரியம். நடிகர் எங்கோ இருந்தார், ஆனால் ரசிகனுக்குப் பக்கத்தில் இன்னொரு ரசிகன் இருந்தான். ஃபிளெக்ஸிலும் அப்படித்தான், ஒரு முகத்தைச் சுற்றி அம்பது அறுபது முகம். போனில் அப்படி இல்லை. ஒரு முகம், அதைத் தனியாகப் படுத்துக்கொண்டு பார்க்கிற இன்னொரு முகம். மன்றத்தில் ஒரே ஒரு உறுப்பினர். புதுக்கோட்டை சின்ன வீரமங்கலத்து 'வில்லேஜ் குக்கிங் சேனல்' 2021-இல் ஒரு கோடி பேரைத் தாண்டியபோது ஊரே கொண்டாடியதற்கு ஒரு காரணம், அந்தச் சட்டகத்துக்குள் தாத்தாவும் பேரப்பிள்ளைகளும் ஒன்றாக நின்று "எல்லாரும் வாங்க" என்று கூப்பிட்டதுதான் என்று நான் நினைக்கிறேன்.

'ஸ்வெட்' கொடுத்த பித்தில் பின்னோக்கிப் போனேன். போனால் அங்கே புதையல்! போலந்தின் கீஸ்லோவ்ஸ்கி 1979-இல் எடுத்த 'கேமரா பஃப்' படத்தைப் பாருங்கள், தயவுசெய்து பாருங்கள். அந்த வருடம் மாஸ்கோ விழாவில் தங்கப் பரிசு வாங்கியது. சின்ன ஊரில் தொழிற்சாலை ஊழியன் ஃபிலிப். பெண் குழந்தை பிறக்கப்போகிறது. குழந்தையைப் படம் பிடிக்க ஒரு 8 மி.மீ. கேமரா வாங்குகிறான். இரண்டு மாதச் சம்பளம் அதிலேயே போய்விடுகிறது. ஐபோனுக்கு இஎம்ஐ கட்டுகிற நம்ம பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். அப்புறம் தொழிற்சாலை விழாவைப் படம் எடுக்கச் சொல்கிறார்கள், பரிசு கிடைக்கிறது, பேர் வருகிறது. பேர் வர வர வீடு நழுவுகிறது. மனைவி சண்டைபோட்டுக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போகிறாள். அந்த நேரத்தில் ஃபிலிப் என்ன செய்கிறான் தெரியுமா? இரண்டு கை விரல்களையும் சேர்த்துச் சட்டம் போல் பிடித்து, அதற்குள் அவளைப் பார்க்கிறான். வாழ்க்கை கைவிட்டுப் போகிறது, அவன் கோணம் பார்க்கிறான்! நான் படத்தை நிறுத்திவிட்டு எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டேன்.

ஆனால் கீஸ்லோவ்ஸ்கி மகா நியாயவான். கேமராவைக் குற்றவாளி ஆக்கிவிட்டு நழுவவில்லை. அதே படத்தில் ஃபிலிப்பின் நண்பனுக்கு அம்மா இறந்துபோகிறாள். ஃபிலிப் முன்பு விளையாட்டாக எடுத்த ஒரு துண்டுப் படத்தில் அவள் ஜன்னலில் நின்று கையசைத்திருக்கிறாள். நண்பன் வந்து அதைப் போட்டுப் பார்க்கிறான். செத்துப்போன அம்மா சுவரில் கையசைக்கிறாள். இந்தக் காட்சியைப் பார்த்தபிறகு, போனைத் தூக்கிப்போடு என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்ல எனக்கு வாய் வராது. கடைசியில் ஃபிலிப் கேமராவைத் தன் முகத்துக்கு நேராகவே திருப்பிக்கொள்கிறான், பேச ஆரம்பிக்கிறான். 1979! முன்பக்கக் கேமரா, செல்ஃபி எல்லாம் யார் கனவிலும் இல்லாத காலம். ஒரு மனிதன் தன்னந்தனியாக உட்கார்ந்து லென்ஸிடம் தன் கதையைச் சொல்கிறான். இன்றைக்கு ராத்திரி மதுரையில் எத்தனை அறைகளில் இதே காட்சி நடந்துகொண்டிருக்கும்!

அதற்கும் முந்தையது அக்னெஸ் வர்தாவின் 'கிளியோ ஃப்ரம் 5 டு 7', 1962. பாரிஸில் ஒரு பாடகி. மருத்துவப் பரிசோதனையின் முடிவு வரவேண்டும், அதற்காகக் காத்திருக்கும் ஒன்றரை மணி நேரம்தான் படம். முதல் பாதி முழுக்கக் கண்ணாடி. கடையில் கண்ணாடி, வீட்டில் கண்ணாடி, போகிற வழியெல்லாம் தன்னைத்தானே பார்த்துக்கொள்கிறாள். பாதியில் தலையிலிருக்கும் டோப்பாவைக் கழற்றி எறிந்துவிட்டுத் தெருவில் இறங்குகிறாள். ஒரு காபிக்கடைக்குள் போய், காசைப் போட்டு, பெட்டியில் தன் பாட்டையே ஓடவிடுகிறாள். கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேஜை மேஜையாக நடக்கிறாள், யாராவது கவனிக்கிறார்களா என்று. யாரும் கவனிக்கவில்லை. அவரவர் பேச்சு அவரவருக்கு. வீடியோ போட்டுவிட்டு அரைமணிக்கு ஒருதரம் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்க்கிற நெஞ்சின் படபடப்பை வர்தா அறுபது வருடத்துக்கு முன்னாலேயே எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதன்பிறகு கிளியோ மற்றவர்களைப் பார்க்க ஆரம்பிக்கிறாள். பார்க்கப்படுகிறவள், பார்க்கிறவளாக மாறுகிறாள். படத்தின் நிறமே மாறிவிட்டதுபோல் இருக்கும், கறுப்பு வெள்ளைப் படத்தில்!

பிரான்ஸிலிருந்து 2024-இல் கான் போட்டிப் பிரிவுக்கு வந்த 'வைல்ட் டயமண்ட்' படமும் இந்த வரிசைதான். ரியாலிட்டி ஷோவில் எப்படியாவது நுழைந்துவிடத் துடிக்கும் 19 வயதுப் பெண். அகத் ரீடிங்கரின் முதல் முழுநீளப் படம். அதை இன்னொரு நாள் தனியாகத்தான் எழுத வேண்டும்.

"இதெல்லாம் நமக்கு ஒட்டுமாண்ணே? படம் எப்பத்தான் ஆரம்பிக்கும்?" என்று கேட்கிற தம்பிகள் எனக்கு நிறைய. ஒட்டும்! ஒளிப்பதிவாளர் செழியன் ஆனந்த விகடனில் 'உலக சினிமா' தொடர் எழுதியபோது, அந்தப் படங்களைப் பார்க்க வழியே இல்லாத எத்தனை ஊர்களில் ஜனங்கள் அதை வாசித்து உருகினார்கள். மதுரைக்காரர் ஆர்.பி. அமுதன் 1998-லிருந்து இங்கே ஆவணப்பட, குறும்பட விழா நடத்திவருகிறார். அவருடைய 'பீ' படத்தில் (2003) கேமரா மதுரைத் தெரு ஒன்றில் மலம் அள்ளும் ஒரு பெண்ணின் கூடவே போகும். முகத்தைத் திருப்பிக்கொள்ள விடாது. 'ஸ்வெட்' எடுத்தவர் வேறு தேசம், வேறு விஷயம். ஆனால் நாம் கண்ணை எடுத்துவிடுகிற நொடியில் கண்ணை எடுக்காமல் நிற்கிற அந்தப் பிடிவாதம் ஒன்றுதான். மதுரையில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு அது அந்நியமே இல்லை.

எப்படிப் பார்ப்பது என்றும் சொல்லிவிடுகிறேன். போனில் பார்க்காதீர்கள். 'ஸ்வெட்' சில்வியாவின் முகத்தை நம்பி எடுத்த படம், உள்ளங்கை அளவில் அந்த முகம் வீணாகிவிடும். டிவியிலோ மடிக்கணினியிலோ போடுங்கள். போனை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். மீனாட்சியம்மன் கோயிலில் 2018-லிருந்து போனை வாசலிலேயே கொடுத்துவிட்டுத்தானே உள்ளே போகிறோம்? ஆயிரங்கால் மண்டபத்தில் ஒரு சிலையின் முன்னால் ஜனங்கள் நின்று பார்க்கிற நேரம் கூடிப்போயிருப்பதை நான் கண்ணால் பார்க்கிறேன். அந்த மரியாதையை இந்தப் படங்களுக்கும் கொடுங்கள். முதலில் 'ஸ்வெட்', அப்புறம் 'கேமரா பஃப்', அப்புறம் 'கிளியோ'. தனியாகப் பார்க்காதீர்கள். வீட்டில் ரீல்ஸ் எடுக்கிற பிள்ளை இருந்தால் கூட உட்காரவையுங்கள். நடுவில் நிறுத்திப் பேசினால் தப்பே இல்லை.

என் அக்கா மகளுக்கு 'கேமரா பஃப்' போட்டது போன வாரம். முடிந்து எழுத்து ஓடும்போது திரும்பிப் பார்த்தாள்.

"அவன் பொண்டாட்டி திரும்பி வந்துருச்சா மாமா?"

"படத்துல அது இல்லம்மா."

"அப்படின்னா? அவரு எடுக்கலையா, இல்ல அவ வரலையா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த போலந்துக்காரரின் மீதி எல்லாப் படத்தையும் பார்க்க வேண்டுமாம். அவர் பெயரைத் தாளில் எழுதச்சொல்லி, எழுத்துக்கூட்டி வாசித்து, மடித்து போன் கவரில் வைத்துக்கொண்டு போயிருக்கிறாள்.